ஒட்டகத்தின் தடமும் வலையின் வழியும்

தேடாத ஒன்றைக் கண்டடையும்போது மனத்தில் எழும் இன்பம் நற்பண்பின் பாற்பட்டதா, பற்றின் பாற்பட்டதா என்னும் வினா இணையத்தைவிடப் பன்னூறு ஆண்டுகள் மூத்தது. இணையம் அதற்குப் புதிய விடை எதையும் தந்துவிடவில்லை. முற்காலத்தில் துறவியரும் தத்துவ ஆசிரியரும் தமக்குள் கேட்டுக்கொண்ட ஒன்றை, கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நாள்தோறும் எதிர்கொள்ளும்படி செய்திருக்கிறது, அவ்வளவே. ஒரு சொல்லுக்குப் பொருள் அறியப் புகுந்து, அச்சொல் பிறந்த நாட்டுக்கும், அதைப் பரப்பிய நூலுக்கும், அந்நூலுக்கு மூலமான இன்னொரு மொழிக் கதைக்கும் தாவித் தாவிச் சென்று புறப்பட்ட இடத்தையே மறந்துபோன ஒருவர், தாம் பெற்றது அறிவா, இழந்தது பொழுதா என்று இறுதியில் ஐயுறுகிறார். இந்த ஐயத்தை வெறும் சோம்பல் குறித்த குற்றவுணர்வு என்று ஒதுக்குவது அதைக் குறைத்து மதிப்பிடுவதாகும். மனம் தன் போக்கில் உலாவும்போது விடுதலை பெறுகிறதா, அல்லது இன்னும் நுட்பமான ஒரு கட்டுக்குள் அகப்படுகிறதா என்பதே அதன் உட்கிடை.

இவ்வுலாவலுக்கு இடந்தரும் கருவியின் அமைப்பை முதலில் நோக்க வேண்டும். அமெரிக்கப் பொறியியலாளர் வான்னெவர் புஷ், 1945ஆம் ஆண்டு ஜூலை மாத ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் எழுதிய கட்டுரையில், மெமெக்ஸ் என்னும் கற்பனைக் கருவி ஒன்றை விவரித்தார். நூலகங்கள் நூல்களை அகர வரிசையிலோ பொருள் வகையிலோ அடுக்குகின்றன. மனமோ அப்படி இயங்குவதில்லை, ஒன்றை நினைத்த மாத்திரத்தில் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்குத் தாவுகிறது. ஆகவே படிப்பவரே ஏட்டோடு ஏட்டை முடிச்சிட்டுத் தடங்களாகச் சேமித்து வைக்கத்தக்க மேசை ஒன்று வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் காட்டிய எடுத்துக்காட்டில், சிலுவைப் போர்களில் துருக்கியரின் குறுவில் ஆங்கிலேயரின் நெடுவில்லை விஞ்சியது ஏன் என்று ஆராயப் புகுபவர், விற்களின் வரலாற்றிலிருந்து விலகிப் பொருள்களின் மீள்திறம் பற்றிய இயற்பியலுக்குள் சென்றுவிடுகிறார். டெட் நெல்சன் 1965இல் இத்தகைய எழுத்துக்கு ஹைப்பர்டெக்ஸ்ட் என்று பெயரிட்டார். தமிழில் மீயுரை எனப்படும் அது, வரிசைப்படிதான் படிக்க வேண்டும் என்றில்லாமல், உள்ளிருந்தே பிற உரைகளுக்கு வாயில் திறக்கும் உரையைக் குறிக்கும். ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்து, பின்னர் உருவாக்கிய வலையில் ஒரு சிறு முடிவு பெரிய விளைவை உண்டாக்கிற்று: ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்கு இணைப்புத் தருவதற்கு, அந்த மற்றப் பக்கத்துக்கு உரியவரின் ஒப்புதல் தேவையில்லை. நெல்சன் விரும்பியதோ இருபுறமும் அறிந்த இணைப்பு. ஒருபுற இணைப்பால் அறுந்த வழிகள் மலிந்தன என்பது உண்மையே. ஆயினும் எவரும் எதனையும் எதனோடும் தொடுக்கலாம் என்றானதால்தான் எதிர்பாராமை வலையின் இயல்பாயிற்று.

இங்கே ஒரு வேடிக்கையையும் குறிப்பிடலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏதேனும் ஒரு கட்டுரையை எடுத்து, அதன் முதல் இணைப்பையும், அடுத்த கட்டுரையின் முதல் இணைப்பையும் என்று சொடுக்கிக்கொண்டே சென்றால், பெரும்பாலும் ‘தத்துவம்’ என்னும் கட்டுரைக்கே போய்ச் சேர்வதைப் பலர் சோதித்துக் கண்டுள்ளனர். இதில் மறைபொருள் ஏதுமில்லை. கலைக்களஞ்சியக் கட்டுரை இலக்கணம் கூறித் தொடங்குவது. இலக்கணமோ சிறப்பைப் பொதுவுக்குள் வைத்துக் கூறுவது. எனவே முதல் இணைப்பு பெரும்பாலும் ஒரு படி பொதுமைக்கு ஏற்றுகிறது, ஏறிக்கொண்டே போனால் உச்சியில் தத்துவம் நிற்கிறது. இன்பம் தரும் வழிகள் இவ்வாறு மேல்நோக்கிச் செல்பவை அல்ல. அவை பக்கவாட்டில், கட்டுரையின் நடுவிலோ அடிக்குறிப்பிலோ, எவரும் எதிர்பாராத மூலையில் பிரிபவை.

அத்தகைய வழி ஒன்றைப் பின்தொடர்ந்து பார்ப்பது வினாவைத் தெளிவாக்கும். எதிர்பாராக் கண்டடைவைக் குறிக்கும் ‘செரண்டிபிட்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லை ஆக்கியவர் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல். ஃப்ளோரன்ஸில் ஆங்கில அரசின் பிரதிநிதியாக இருந்த நண்பர் ஹொரேஸ் மேன் அனுப்பிய பியான்கா கப்பெல்லோவின் ஓவியத்துக்கு நன்றி கூறி, 1754 ஜனவரி 28 அன்று அவர் ஒரு கடிதம் எழுதினார். வெனிஸ் நகரக் குடிச்சின்னங்கள் அடங்கிய பழைய நூலொன்றில் கப்பெல்லோ குடியின் சின்னம் பற்றிய ஒரு செய்தி தம் கண்ணில் பட்டதைச் சொல்லி, அவ்வகைக் கண்டடைவுக்கு அக்கடிதத்தில் இப்பெயரை இட்டார். தற்செயலும் கூர்மதியும் துணையாக, தேடாதவற்றையெல்லாம் கண்டுகொண்டே பயணம் செய்யும் செரண்டிப் நாட்டு இளவரசர் மூவரின் கதையிலிருந்து அவர் அதைப் பெற்றார். செரண்டிப் அல்லது சரந்தீப் என்பது அரேபியரும் பாரசீகரும் இலங்கைக்கு வழங்கிய பெயர். வெனிஸில் 1557இல் மிக்கேலே த்ரமெத்ஸீனோ வெளியிட்ட இத்தாலிய நூல் வழியே ஐரோப்பாவில் பரவிய அக்கதையின் கரு, டில்லியில் வாழ்ந்த அமீர் குஸ்ரோ 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மொழியில் இயற்றிய ‘ஹஷ்த் பிஹிஷ்த்’, அதாவது எட்டுச் சொர்க்கங்கள், என்னும் காப்பியத்தில் உள்ளது.

இளவரசர்கள் கண்டது ஒட்டகத்தை அன்று, அதன் தடத்தை. ஒட்டகத்தைத் தொலைத்தவன் வந்து வினவியபோது, அதற்கு ஒரு கண் இல்லை, ஒரு பல் இல்லை, ஒரு கால் ஊனம், முதுகில் ஒருபுறம் வெண்ணெயும் மறுபுறம் தேனும் ஏற்றப்பட்டிருந்தன என்று அடுக்கினர். வழியின் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருந்ததும், ஒரு மருங்கில் எறும்பும் மறு மருங்கில் ஈயும் மொய்த்ததும் அவர்களுக்குச் சான்று. இவ்வளவு அறிந்தவர் திருடராகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் சிறையிடப்பட்டனர். இந்த ஒட்டகம் வேறு பல நாடுகளிலும் நடந்திருக்கிறது. பாபிலோனியத் தால்முதில் சிறைப்பட்ட யூதர் இருவர் முன்னே சென்ற ஒட்டகத்தின் குருட்டுக் கண்ணையும் அது சுமந்த மதுவையும் எண்ணெயையும் உய்த்துணர்கின்றனர், வால்டேரின் ‘ஸாதிக்’கில் ஒட்டகம் நாயாகவும் குதிரையாகவும் மாறுகிறது, அந்த ஸாதிக்கின் முறையே மண்ணடியில் கிடைக்கும் எலும்பிலிருந்து மறைந்த உயிரினத்தை அறியும் அறிவியலின் முறை என்று தாமஸ் ஹக்ஸ்லி 1880இல் வாதிட்டார். நியாய நூலார் இதைச் சேஷவத் அனுமானம் என்பர். விளைவைக் கண்டு காரணத்தைத் துணிதல் என்பது அதன் பொருள்.

இவ்வழியில் தமிழ்ப் படிப்பாளியை நிறுத்திவிடும் திருப்பம் இதற்குப் பிறகே வருகிறது. டபிள்யூ. ஏ. கிளௌஸ்டன் 1889இல் வெளியிட்ட கீழைக் கதைத் தொகுப்பில், நடேச சாஸ்திரியார் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்த ‘அலகேச கதை’ இடம்பெற்றுள்ளது. அக்கதை காணாமற்போன அதே ஒட்டகத்தோடுதான் தொடங்குகிறது. வெண்ணெயும் தேனும் இங்கில்லை. தடங்களின் வேறுபாட்டால் ஒரு கால் நொண்டி என்றும், ஒரு பக்கத்துத் தழை மட்டும் கடிக்கப்பட்டிருந்ததால் ஒரு கண் குருடு என்றும், கொசுக்கடியால் சிந்திய குருதித் துளிகள் கிடந்ததால் கொசுக்களை ஓட்ட இயலாத குட்டை வால் என்றும், முன்னங்கால் தடம் ஆழ்ந்தும் பின்னங்கால் தடம் மேலோட்டமாகவும் இருந்ததால் வயிற்று நோய் என்றும் நால்வர் கூறுகின்றனர். ஆங்கிலச் சொல்லொன்றின் பிறப்பைத் தேடிப் புறப்பட்டவர், வெனிஸையும் டில்லியையும் சுற்றிவந்து, தம் பாட்டி அறிந்திருக்கக்கூடிய ஒரு தமிழ்க் கதையின் வாயிலில் நிற்கிறார். இன்பம் என்று இங்கே பேசப்படுவது இதுதான்: தொலைவில் இருப்பதாக எண்ணிய இரண்டு பொருள்கள் அண்டை வீட்டார் என்று தெரியவரும் கணம். கையில் கொள்ளத்தக்க பயன் எதுவும் அதில் இல்லை.

பயன் இல்லாத இன்பம் என்பதாலேயே சமயங்கள் இதன்மீது ஐயங்கொண்டன. புனித அகுஸ்தீன் 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய தம் ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் பகுதியில், யோவானின் முதல் நிருபம் கூறும் கண்களின் இச்சையைக் குறுகுறுப்பு எனப் பொருள்கொண்டு விரித்துரைக்கிறார். உடல் இன்பத்தை நாடும் ஆசை அழகானதையும் இனியதையும் தேடும். இந்த ஆசையோ அறிய வேண்டும் என்பதற்காகவே அருவருப்பானதையும் தேடும் என்று அவர் பிரித்துக் காட்டுவது நுட்பமானது. அவர் தரும் சான்றுகள் எளியவை: வயல்வழியே செல்கையில் நாய் ஒன்று முயலைத் துரத்துவதும், வீட்டில் அமர்ந்திருக்கையில் பல்லி ஈயைப் பிடிப்பதும் தம் கருத்தை இழுத்துவிடுகின்றன என்கிறார். அக்காட்சியிலிருந்து படைத்தவனின் புகழுக்கு மனம் ஏறிவிடலாம். ஆனால் விழுந்தவன் விரைந்து எழுவது வேறு, விழாதிருப்பது வேறு என்பது அவர் தமக்கே தந்துகொள்ளும் மறுமொழி. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதை முறைப்படுத்தி, அறிவு வேட்கையை அளவோடு செலுத்தும் கற்றல் ஊக்கத்தை நற்பண்பு என்றும், நெறிதவறிய குறுகுறுப்பை அதற்கு எதிரான தீப்பண்பு என்றும் வகுத்தார். சமய நம்பிக்கையைத் துணைக்கு அழைக்காத மார்ட்டின் ஹைடெக்கர்கூட, 1927இல் வெளிவந்த ‘இருத்தலும் காலமும்’ நூலில், குறுகுறுப்பு கண்டதன் அருகில் தங்குவதில்லை, புதியதிலிருந்து இன்னும் புதியதற்குத் தாவுகிறது, எங்கும் இருந்து எங்கும் உறையாமல் போகிறது என்று குற்றப்பத்திரிகை வாசிக்கிறார்.

இந்திய மரபும் இதில் இளகியது அன்று. யோக சூத்திரத்துக்கு வியாசர் பெயரில் வழங்கும் உரை மனத்தின் நிலைகளை ஐந்தாகப் பகுக்கிறது: எறியப்பட்டது போல் ஓயாது அலைவது க்ஷிப்தம், மயங்கிக் கிடப்பது மூடம், இடையிடையே நிலைத்துப் பின் சிதறுவது விக்ஷிப்தம், ஒன்றில் ஊன்றியது ஏகாக்ரம், அடங்கியது நிருத்தம். இணைப்பைத் தொடர்ந்து செல்பவரின் மனம் க்ஷிப்தம் அன்று, விக்ஷிப்தமே என்று சொல்லலாம்; ஒவ்வொரு பக்கத்திலும் அது சிறிது தங்குகிறது, தங்கியதனாலேயே அடுத்த வாயிலைக் காண்கிறது. ஆயினும் யோக நூல் அதற்குச் சலுகை தருவதில்லை. விக்ஷிப்த மனம் அடையும் ஒருமையை அது யோகமாகக் கணக்கில் கொள்வதில்லை. திருக்குறளின் அறிவுடைமை அதிகாரமும் மனத்தைப் போன போக்கில் விடாமல் நன்மையின்பால் செலுத்துவதையே அறிவின் இலக்கணமாக வைக்கிறது.

குற்றச்சாட்டு இவ்வளவு வலியதாயினும், குற்றஞ்சாட்டியவரின் வாழ்க்கையே அதற்கு ஒரு விதிவிலக்கைத் தருகிறது. அகுஸ்தீன் 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் கலங்கி நின்றபோது, அண்டை வீட்டிலிருந்து எடுத்துப் படிக்கச் சொல்லும் ஒரு குழந்தைக் குரல் கேட்டு, பவுலின் நிருபங்களைத் திறந்து கண் முதலில் விழுந்த இடத்தைப் படித்தார். மனமாற்றம் அக்கணத்தில் நிகழ்ந்தது. தேடாத பக்கம், திட்டமிடாத வரி. இதற்கு இணையான நிகழ்ச்சி சைவ மரபில் பெண்ணாகடத்தில் நடந்ததாகக் கூறப்படுகிறது. மகப்பேறு இல்லாத அச்சுத களப்பாளருக்காக, அவருடைய குலகுரு சகலாகம பண்டிதர் தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்தார். கட்டப்பட்ட சுவடியின் ஏடுகளுக்கிடையே கயிற்றை நுழைத்து, அது விழுந்த ஏட்டில் உள்ள பாடலையே இறைவாக்காகக் கொள்ளும் வழக்கம் அது. திருஞானசம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. தம்பதியர் அத்தலத்துக்குச் சென்று வழிபட, சிவஞான போதத்தை அருளிய மெய்கண்டார் பிறந்தார் என்பது வரலாறு. அந்தக் குலகுருவே பின்னாளில் அக்குழந்தைக்கு மாணாக்கராகி அருணந்தி சிவாசாரியர் எனப் பெயர் பெற்றார்.

தற்செயலைத் தெய்வச் செயலாகக் கொள்வது நம்பிக்கையாளரின் உரிமை. அதை ஏற்காதவருக்கும் இவ்விரு நிகழ்ச்சிகளில் கற்க ஒன்றுண்டு. அகுஸ்தீன் அந்தப் பகுதிக்கு மேல் படிக்கவில்லை, படிக்க விரும்பவும் இல்லை என்று தாமே எழுதுகிறார். பெண்ணாகடத்தில் கயிறு ஒருமுறைதான் சாத்தப்பட்டது. எதிர்பாராமல் வந்து சேர்ந்தவர்கள் வந்த இடத்தில் நின்றார்கள். குறுகுறுப்பின் மேல் ஹைடெக்கர் சுமத்தும் குற்றம் தங்காமையே என்றால், வழி தற்செயலானதா திட்டமிட்டதா என்பது வழக்குக்குப் புறம்பானதாகிவிடுகிறது. இதில் ஏட்டின் வடிவத்துக்கும் பங்குண்டு என்பதைக் கவனிக்கலாம்: தைத்த நூலையும் ஓலைச் சுவடியையும் எந்த இடத்திலும் பிரிக்கலாம், சுருளேட்டை அப்படிப் பிரிக்க இயலாது. பல்லாயிரம் பக்கங்களை எங்கும் திறக்கும்படி செய்த இணையம், அண்மைக் காலத்தில் விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி நீளும் சுருளுக்கே திரும்பிவிட்டது. கயிறு சாத்துவதற்கு அதில் இடமில்லை.

அந்தச் சுருளுக்கும் இணைப்பு வழிக்கும் உள்ள வேறுபாடு இதைவிட ஆழமானது. ஒட்டகம் தன் தடத்தை எவருக்காகவும் பதிக்கவில்லை. கட்டுரையின் நடுவே ஓர் இணைப்பைத் தந்தவர் ஏதோ ஒரு தொடர்பைக் கண்டு அதைச் செய்தாரேயன்றி, இன்னார் வந்து மயங்குவார் என்று கணித்துச் செய்யவில்லை. பரிந்துரைக் கணிப்பு நெறிகள், அதாவது ஒருவர் முன்பு எதில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதை அளந்து அடுத்ததைக் காட்டும் நிரல்கள், அவருடைய வருகையை முன்கூட்டியே அறிந்து காத்திருப்பவை. முன்னது தடம், பின்னது தூண்டில். தமிழில் வலையைப் பார்க்கும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர் வைத்தவர்கள் உலா என்னும் சிற்றிலக்கியத்தை எண்ணினார்களோ இல்லையோ, அப்பெயரில் ஒரு முரண் அமைந்துவிட்டது: உலாவில் வீதிவழியே செல்லும் தலைவன் மயங்குவதில்லை, பேதை முதல் பேரிளம்பெண் வரை பார்த்து நிற்கும் எழுபருவ மகளிரே மயங்குகின்றனர், இங்கோ உலாப் போகிறவரே மயங்குகிறார், வீதி அவரை அளந்துகொண்டிருக்கிறது.

மெய்கண்டார் மரபு இவ்விடத்தில் மேலை ஆசிரியர்களைவிடப் பயன்படும் ஒரு கருத்தைத் தருகிறது. உயிரின் இயல்பைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்று சைவ சித்தாந்தம் கூறும். அருகிலுள்ள பொருளின் நிறத்தைப் பளிங்கு தன் நிறமாகக் காட்டுவது போல, உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே நிற்கும் என்பது அதன் கருத்து. எதையும் சாராமல் உயிர் நிற்பதில்லை. எனவே உலாவாதிருத்தல் என்னும் அறிவுரைக்குச் சித்தாந்தத்தில் பொருளில்லை. சார்பு எது என்பதே கேட்கத்தக்க வினா. அகுஸ்தீன் நாயையும் முயலையும் விட்டு விலகப் பார்த்தார். சித்தாந்தி நாயிலிருந்தும் முயலிலிருந்தும் எந்த நிறம் தன்மேல் ஏறியது என்று பார்ப்பார். சொல்லாலும் பொறிகளாலும் பெறும் அறிவைப் பாசஞானம் என்று அந்நெறி கீழே வைக்கிறது என்பதையும், இணையத்தில் கிடைப்பது அனைத்தும் அதற்குள் அடங்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் உடல், கருவி, உலகம், நுகர்பொருள் ஆகிய நான்கும் உயிர் தன் இருளிலிருந்து சிறிதேனும் தெளிவதற்காகவே தரப்பட்டவை என்று கொள்ளும் நெறி, உலகத்தைக் கண்ட இன்பத்தை முற்றிலும் குற்றமாக்க இயலாது. வீடுபேறு அவ்வழியில் இல்லை. வீண்செயல் என்று தள்ளவும் அது இடந்தரவில்லை.

தடத்தைக் கண்டவர் கண்டதற்குப் பொறுப்பாளராகவும் ஆகிறார் என்பதை ஒட்டகக் கதையின் பல வடிவங்கள் ஒப்புக்கொள்கின்றன. வேடிக்கை பார்த்தவர்களே மன்றத்தில் நிறுத்தப்படுகின்றனர், எவ்வாறு அறிந்தீர் என்று வினவப்படுகின்றனர், ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று காட்டிய பின்பே விடுபடுகின்றனர். இணையத்தில் மணிக்கணக்கில் திரிந்தவரிடம் இந்த வினாவைக் கேட்பார் இல்லை. கேட்டால் சொல்ல ஒன்றிருக்குமா என்று அவரே தம்மை வினவிக்கொள்வது, அகுஸ்தீனின் கடுமையை விட எளிய, ஹைடெக்கரின் இலக்கணத்தை விடக் கைக்கு உதவும் சோதனை.

அலகேச கதை ஒட்டகத்தோடு முடிவதில்லை. நால்வரின் கூர்மதியை வியந்த அரசன் அவர்களைத் தன் அமைச்சர்களாக்கிக்கொள்கிறான். பின்னொரு நாள் இரவுக் காவலில் இருந்த அமைச்சர் ஒருவர், அரசியை நோக்கி இறங்கிய பாம்பை வெட்ட, அவள்மேல் தெறித்த துளியை அவர் துடைக்கும் நேரத்தில் அரசன் கண்விழிக்கிறான். ஒரு காட்சியைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்து, கொலைத் தண்டனைக்கு ஆயத்தமாகிறான். தடம் பார்த்துச் சரியாகத் துணிந்தவர்கள், தடம் பார்த்துத் தவறாகத் துணிந்தவன் முன் நிற்கின்றனர். அமைச்சர்கள் அவனோடு வாதிடவில்லை; ஆராயாமல் செய்து வருந்தியவர்களின் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாக, கதைக்குள் கிளைக்கதையாகச் சொல்லிக்கொண்டே போகின்றனர். அந்தச் சுற்றுவழிகளைக் கேட்டு முடிப்பதற்குள் அரசனின் சினம் தணிந்து, உண்மை வெளிப்பட்டு, குற்றஞ்சாட்டப்பட்டவர் உயிர் பிழைக்கிறார்.